நுரைக்கு ஐந்து நிமிடம்

சேறு அப்பிய காரை எடுத்தவுடனே துணியால் துடைக்கக் கூடாது. மண் துகள் துணியில் சிக்கி பெயிண்ட்டைக் கீறிவிடும். வாட்டர் வாஷ் ஷெட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் சொல்லித் தெரிந்துகொண்டது இது. வண்டியை நிழலில் நிறுத்தி, பானட் சூடு ஆறிய பிறகு நுரை அடிப்பான். ஐந்து நிமிடம் ஊற வேண்டும், காய்ந்துவிடக் கூடாது. நுரை அழுக்கை இளக்கிக் கீழே இழுத்து வரும். பிறகு பிரஷர் தண்ணீர். அதற்கும் பிறகுதான் காரில் கை படும், அதுவும் மைக்ரோஃபைபர் துணியோடு. தார்க் கறை மட்டும் நுரைக்கு அசையாது, அதற்குத் தனி மருந்து.

தகரத்துக்கு இத்தனை பக்குவம்! தம்பி கையுறை கேட்டபோது முந்தைய ஷெட் முதலாளி சிரித்தாராம். பத்து பேர் வேலை பார்த்த அந்த ஷெட்டில், கழிப்பறைத் தொட்டி அடைத்தபோது மட்டும் அவனைத்தான் கூப்பிட்டார். ஏன் அவனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தம்பி இறங்கவில்லை. மறுநாள் வேலை போனது. இப்போது வேறு ஷெட்டில் நுரை அடிக்கிறான். கையுறை அவன் காசில் வாங்கியது.