வண்டி பேசிய கதை

வாடகைக்கு வண்டி பேசும்போது நாம் முதலில் கேட்பது, “கிலோமீட்டருக்கு எவ்வளவு?” என்பதுதான். முன்பணம் கொடுத்ததும் நம் பொறுப்பு முடிந்தது, இனி எல்லாம் ஓட்டுநர் பாடு என்று இருந்துவிடுகிறோம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தஞ்சாவூரில் உறவினர் வீட்டுத் திருமணம். மதுரையிலிருந்து வேன் அமர்த்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மஞ்சள் எண்பலகை கொண்ட வாடகை வண்டிக்குக் கட்டணம் கூடுதலாக இருந்தது. தெரிந்தவர் ஒருவரின் சொந்த வண்டி, வெள்ளைப் பலகையோடு, மலிவாகக் கிடைத்தது. அதையே பேசி முடித்தேன். 12 பேர் அமரக்கூடிய வண்டியில் 17 பேர் ஏறினோம். “குழந்தைகள்தானே, மடியில் இருந்துகொள்வார்கள்” என்று சமாதானம் சொன்னவனும் நானே.

திருமணம் முடிந்து இரவு உணவுக்குப் பின் புறப்பட ஆயத்தமானோம். ஓட்டுநர் இளைஞர். தயங்கியபடி என்னிடம் வந்தார்.

“சார், நேற்று இரவும் வண்டி ஓட்டினேன். இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுப் புறப்படலாமா?”

“காலையில் எனக்குப் பள்ளி இருக்கிறது தம்பி. வழியில் தேநீர் குடித்துக்கொள்ளலாம்” என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. கூலி கொடுப்பவரிடம் மறுத்துப் பேசுவது அவருக்கு எளிதன்று என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

துவரங்குறிச்சியைத் தாண்டியதும் வண்டி சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. சில அடி தொலைவில் ஒரு புளியமரம் நின்றது. உயிர்கள் தப்பின. என் அத்தைக்கு மட்டும் வலக்கை முறிந்தது. இழப்பீடு கேட்டபோது, சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான வண்டி வாடகைக்கு ஓடியதால் தர இயலாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. நான் மிச்சப்படுத்திய வாடகையைப் போல் பல மடங்கு மருத்துவமனைக்குச் சென்றது. அத்தையின் கை முன்போல் மடங்கவே இல்லை.

அன்றிரவு சாலையோரத்தில் அந்த இளைஞர் என் கைகளைப் பற்றி, “மன்னித்துவிடுங்கள் சார்” என்று அழுதார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். எல்லோரும் அவரையே ஏசினர். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

பின்னரே சட்டத்தைத் தேடிப் படித்தேன். அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலை நேரத்தைப் பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. 5 மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல், அரைமணி நேரமேனும் ஓய்வு தர வேண்டும் என்றது. நான் கேட்காமல் விட்ட ஓய்வு, அவருடைய சலுகையன்று, உரிமை.

இப்போது வண்டி பேசுமுன் எண்பலகையின் நிறத்தைப் பார்க்கிறேன். பதிவுச் சான்று, தகுதிச் சான்று, அனுமதிச் சீட்டு, காப்பீடு ஆகியவை நடப்பில் உள்ளனவா என்று கேட்கிறேன். இருக்கைகளை எண்ணிய பிறகே ஆட்களை அழைக்கிறேன். இரவில் தங்க நேர்ந்தால், நமக்கு அறை எடுக்கும்போதே ஓட்டுநருக்கும் படுக்க இடம் கேட்கிறேன். நாம் உண்ணும் வேளையில் அவரும் உண்டாரா என்று பார்க்கிறேன்.

புறப்படும்போது ஒரு கேள்வியை மறப்பதில்லை: “தம்பி, நேற்று நன்றாகத் தூங்கினீர்களா?”

இல்லை என்று அவர் சொன்னால், பயணம் காத்திருக்கும். நாம் வாடகை கொடுப்பது வண்டிக்கு. அதை ஓட்டுபவரின் உறக்கத்திற்கு அன்று.