எஞ்சின் ஏன் நொண்டியது?

நோயாளி தன் நோவை வாய்திறந்து சொல்லுவான்; மோட்டார் இயந்திரமோ சத்தத்தாலும் நடுக்கத்தாலும் மட்டுமே தன் குறையைத் தெரிவிக்கும். அவசரக்காரர் அதனைத் தவறாகப் பொருள்கொள்ளுவது மிக எளிது. அவ்வாறு பொருள்கொண்டதனால் எங்கள் குடும்பத்துக்கு நேரவிருந்த நட்டத்தையும், அது விலகிய விதத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் கார் உண்டு. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன இந்த வகைக் கார்கள் இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடுகின்றன. எங்களுடையது 1962ஆம் ஆண்டு முதல் பூட்டப்பட்ட 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்டது. வாப்பா அதனை வாடகைக்கு ஓட்டினார். கல்முனைக்குடியில் எத்தனையோ மாப்பிள்ளைமார் அதில் ஏறிப் பெண்வீடு சென்றனர். எத்தனையோ நோயாளிகள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குச் சென்றனர். வாப்பா மௌத்தான பின்னர், உம்மாவை மாதந்தோறும் மட்டக்களப்புக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதே அதன் பிரதான வேலையாயிற்று.

2023ஆம் ஆண்டு மாரியில் அந்தக் கார் நொண்டத் தொடங்கியது. சுபஹுத் தொழுகை முடிந்து புறப்பட்டால், வண்டி முழுவதும் குலுங்கும்; இழுவை இராது; இடையிடையே காபரேற்றர் வழியாக இருமித் துப்பும். சாய்ந்தமருதில் ஒருவர் அந்த இருமலைக் கேட்டதும், பழுது காபரேற்றரிலேதான் என்றார். அதனைக் கழற்றிக் கழுவிப் பூட்டியும் குணமில்லை. இன்னொருவர் சற்று ஆழமாகப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வேலை செய்யும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் மேலும் தளரும். வேலை செய்யாததைக் கழற்றினால் மாற்றமே தெரியாது. ரேடியேற்றர் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவதும் நான்காவதும் சோம்பிக் கிடந்தன. “பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் செத்தால் ஹெட் காஸ்கட் போய்விட்டது என்றே அர்த்தம், எஞ்சினைப் பிரிக்கவேண்டும்” என்றார். அவர் சொன்னது புத்தகப்படி சரியே. ஆனால் அதற்கு அவர் கேட்ட தொகை எங்களிடம் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. ஆகையால் அந்நாளில் வேறு கார் வாங்குவதும் நினைக்க முடியாத காரியம். உம்மா அலுமாரியைத் திறந்து, அடகுவைப்பதற்காகத் தம் காப்புகளை எடுத்து மேசையில் வைத்தார்.

மறுநாள், வாப்பாவோடு பழகிய முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் பொனற்றைத் தொடவேயில்லை. “தம்பி, இது எந்த நேரத்தில் நொண்டுது?” என்று கேட்டார்.

“விடியற்காலையில்தான் காக்கா. மழை பெய்தால் பகலிலும் உண்டு. நல்ல வெயில் ஏறினால் சரியாகிவிடும்.”

“அப்படியென்றால் காஸ்கட் இல்லை. ஓட்டை விழுந்த காஸ்கட் வெயிலில் காய்ந்து குணமாகுமா?”

பின்பு அமுக்கமானியைப் பிளக் துவாரங்களில் பூட்டிப் பார்த்தார். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அமுக்கத்தைக் காட்டின. காஸ்கட் குற்றமற்றது என்பது இதனால் உறுதியாயிற்று. இஷாவுக்குப் பின் கொட்டகை விளக்கை அணைக்கச் செய்து, எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ரிபியூட்டர் மூடியின்மேல் விரலால் சிறிது தண்ணீரைத் தெளித்தார். இருட்டிலே நீல நிறமான பொறியொன்று, மூடியின்மேல் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு ஊர்ந்தது!

இதன் காரணம் கேட்கத்தக்கது. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். டிஸ்ரிபியூட்டர் மூடியில் வயர்முனைகளும் அதே வரிசையில் நிற்பதால், மூன்றும் நான்கும் அங்கேயும் அண்டை வீட்டார். எங்கள் ஊரின் கடற்காற்று மூடியிலே உப்பைப் படியவைக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈர உப்பு மின்சாரத்துக்கு வழிவிடும். பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் அவ்வழியே கசிந்து கசிந்து, மூடியில் மயிரிழை போன்ற கரிக்கோடொன்றை எரித்துவிட்டிருந்தது. மூன்றாவதற்குரிய பொறி, அமுக்கம் மிகுந்த தன் சிலிண்டரை விட்டு, அமுக்கம் குறைந்த நான்காவதற்கு ஓடிற்று. நான்காவதன் பொறி மூன்றாவதற்கு ஓடிற்று. மூன்றாவது வெடிக்கவேண்டிய கணத்தில் நான்காவதன் உள்வால்வு இன்னும் முற்றாக மூடியிராது. அங்கே அகாலத்தில் பற்றிய நெருப்பே காபரேற்றர் வழியாக இருமலாய் வெளிவந்தது. ஆக, இருமல் கேட்ட இடத்திலும் பழுதில்லை. சோம்பிய இடத்திலும் பழுதில்லை.

புதிய மூடியும் நான்கு பிளக் வயர்களும் வாங்கிப் பூட்டினோம். எஞ்சினைப் பிரிக்கக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் அச்செலவு ஒரு செலவே அன்று. நிற்க.

மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க முறையொன்று உண்டு. முதலில், பழுது எப்போது வருகிறது, எப்போது வராமலிருக்கிறது என்று கேளுங்கள். வராத நேரமும் ஒரு சாட்சியே. இரண்டாவது, ஒரே சமயத்தில் இரண்டு பாகங்களை மாற்றாதீர்கள். மாற்றினால், குணம் எதனால் வந்தது என்று ஒருநாளும் தெரியாது. மூன்றாவது, செலவில்லாத சோதனை எல்லாவற்றையும் செய்து முடித்த பின்னரே செலவுள்ள வேலையைத் தொடங்குங்கள். ஓடும் எஞ்சினின் பிளக் வயரை மட்டும் வெறுங்கையால் தொடவேண்டாம். அது பழகியவர் காப்பிட்ட குறடு கொண்டு செய்யும் வேலை.

கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்போர் மாரி காலத்தில் வாரம் ஒருமுறை, எஞ்சினை நிறுத்தி, டிஸ்ரிபியூட்டர் மூடியையும் வயர்களையும் உலர்ந்த துணியால் துடைப்பது நன்று. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் தங்கை அதனைச் செய்கிறாள். உம்மாவின் காப்புகள் அவர் கையிலேயே இருக்கின்றன.