பத்திரிகைக்குச் சோறிடுவோர் யார்?

பத்திரிகை பொதுஜனங்களின் வாய் என்பர் அறிஞர். அவ்வாய்க்குச் சோறிடுவோர் யார் என்பதை மட்டும் நம்மவர் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

யான் ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் கற்றவனாதலால் உலகச் செய்திகளுக்கு எனக்குக் குறைவில்லை. இலண்டனில் நடப்பது அன்றே என் செவிக்கு எட்டுகிறது. அடுத்த தோட்டத்து லயத்தில் குழாய் வறண்டிருப்பதைத்தான் எவரும் எனக்குச் சொல்வதில்லை.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. "கிராணி ஐயா, இது எங்களுக்கும் உண்டா? சின்னத் தோட்டத்தாருக்கு என்றைக்கு?" என்று தொழிலாளர் என்னை வினவினர். ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்போர்க்கு ஆகஸ்ட் முதலும், ஏனையோர்க்குப் பிப்ரவரி முதலும் என விடையிறுத்தேன். ஆயினும் அவர்கள் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. தோட்டத்துச் சம்பளம் உண்பவன் சொல்லைத் தொழிலாளி முழுதும் நம்புவது எங்ஙனம்? அதே செய்தி தமிழ்ப் பத்திரிகையில் அச்சாகி வந்த பின்னரே அவர்கள் ஐயம் அகன்றது. துரைக்கும் கிராணிக்கும் கட்டுப்படாத நா ஒன்று ஏழைக்கு வேண்டுமென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அத்தகைய நாவுக்கு இடையூறுகள் பல. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, உள்துறை அமைச்சின் அனுமதியின்றி இந்நாட்டிற் செய்தித்தாள் வெளியிடுதல் இயலாது. ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்கும் விதி 2012இல் நீக்கப்பட்டது. அனுமதியைப் பறிக்கும் அதிகாரமோ நீங்கவில்லை. மலாய்ச் சகோதரர்கள் பங்குப் பணம் திரட்டி 1939இல் சிங்கப்பூரில் தோற்றுவித்த 'உத்துசான் மெலாயு'வை ஆளுங்கட்சி தன் கைவசப்படுத்த முனைந்தபோது, அதன் ஊழியர்கள் 1961இல் தொண்ணூறு நாட்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர், செய்தும் தோற்றனர். கோலாலம்பூரில் 1924இல் பிறந்த நமது 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று.

பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும். வாசகர் கொடாவிடில் விளம்பரக்காரர் கொடுப்பார். அவரும் கைவிட்டால் கட்சிக்காரர் கொடுப்பார். கொடுத்தவர் மனம் நோக எழுதுவதற்கு எந்த ஆசிரியருக்குத்தான் கை கூசாது?

தோழர்களே! தேநீர்க் கடையில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் இரவலாகப் படித்துவிட்டு, "பத்திரிகையில் உண்மையே இல்லை" என்று குறை கூறுதல் முறையன்று. கலியாண விருந்துக்கு ஆயிரக்கணக்கிற் செலவிடுகிறோம். சந்தாவென்றால் பையைத் தடவுகிறோம். பத்து வீட்டார் தனித்தனியே பிரதி வாங்கினால், பத்திரிகைக்குப் பத்து எசமானர் உண்டாவர். அவர்களுள் எவரும் தம் லயத்துக் குழாய் வறண்ட செய்தியை மறைக்கச் சொல்லார். நம் ஊர்ச் செய்தி நம் மொழியில் அஞ்சாது வெளிவர வேண்டுமாயின், அதற்குரிய விலையை நாமே கொடுத்தல் வேண்டும்.