சிற்றரங்கும் ஒலிபெருக்கியும்

ஒலிபெருக்கி வாங்கப் புறப்படும் நாடகக் குழுவினர் கடையிற் கேட்கும் முதல் வினா, "எத்தனை வாற்று?" என்பதாகவே இருக்கும். அறுபது பேர் அமரும் விரிவுரை மண்டபத்துக்கு ஆயிரம் வாற்றுக் கருவியை வாங்கிவிட்டு, அதன் திருகியைக் காற்பங்குக்கு மேல் திருப்ப இயலாது திகைப்போரும் உளர். வாற்று வலுவின் அளவேயன்றி உரப்பின் அளவன்று. வலுவை இருமடங்காக்கினால் ஒலி 3 தெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு அது சிறு வேறுபாடே. இருமடங்கு உரத்துக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தொலைவில் 96 தெசிபெல் தரும் பெட்டி 25 வாற்றிற் செய்வதை, 90 தெசிபெல் தரும் பெட்டி 100 வாற்றிலேயே செய்யும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதோ வாற்று மட்டுமே.

சிறு மண்டபத்தின் உண்மையான பகை ஊளை. பெட்டியிலிருந்து வெளிவரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியுட் புகுந்து பெருகுவதால் அது பிறக்கின்றது. ஆதலின் பெட்டிகள் ஒலிவாங்கிகளுக்கு முன்னே, அவையோரை நோக்கி, அமர்ந்திருப்போர் தலைக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். ஒருதிசை ஒலிவாங்கி பின்புறத்து ஒலியைப் பெரிதும் விலக்கும். அதன் வலைத்தலையை உள்ளங்கையாற் பொத்திப் பிடித்தால் அச்சிறப்புக் கெடும். திரையிசை மேடைகளைப் பார்த்துப் பழகிய பிடி அது. திறந்துள்ள ஒலிவாங்கிகளின் தொகை இருமடங்காகுந்தோறும் ஊளை தொடங்குமுன் பெறக்கூடிய பெருக்கம் 3 தெசிபெல் குறையும். எட்டுப் பாத்திரங்களுக்கு எட்டு ஒலிவாங்கி தேடுவது இதனாலேயே வீண்.

மண்டபத்தின் குறையைக் கருவி தீர்க்காது. 1895இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபமொன்றிற் பேச்சு விளங்கவில்லை. சொல்லொன்று ஐந்து செக்கன்களுக்கு மேலும் நின்று ஒலித்தது. ஆராய்ந்த வோலஸ் சபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கி அம்முழக்கம் குறைவதை அளந்தார். சீமெந்துச் சுவர்களிடையே ஒத்திகை நடத்துவோர் இரண்டு தடித்த திரைச்சீலைகளுக்குச் செலவிடுவது பயன் தரும்.

கூத்து ஒத்திகைக்கு இது மேலும் பொருந்தும். மத்தளத்துக்கும் சல்லரிக்கும் சிறு மண்டபத்தில் ஒலிவாங்கி வேண்டியதில்லை. வட்டக்களரியில் நாற்புறமும் திரும்பி ஆடிய கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிற் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். அத்தகைய மேடையில் நிலையான ஒலிவாங்கியொன்றை நட்டால், ஆடுவோன் பாட்டு வரும்போதெல்லாம் அதனை நோக்கி ஓடுவான், தாளக்கட்டு குலையும். முதல் நாளிலிருந்தே கருவியை நம்பி ஒத்திகை பார்ப்பவனுக்குக் குரலும் வளராது. மூன்று வாரமேனும் வெறுங்குரலில் ஒத்திகை நடத்தியபின், எடுத்துரைஞர் குரலுக்கும் பிற்பாட்டுக்காரருள் மெல்லிய குரலுக்கும் மட்டும் அதனை இணைப்பதே முறை.

அவ்வளவுக்கு எட்டு அல்லது பத்து அங்குலப் பெட்டிகள் இரண்டும், நான்கு வழிக் கலப்பியும், நல்ல ஒலிவாங்கிகள் இரண்டும் போதும். பணம் குறைந்தாற் பெட்டியிற் குறைக்கலாம், ஒலிவாங்கியிற் குறைத்தலாகாது. 2022இன் நெடிய மின்வெட்டுகளை அறிந்தோர் பற்றரியில் இயங்குவதையும் விரும்புவர், அது நியாயமே.

கடையில் இசைத்தட்டைப் போட்டுக் காட்டுவர். இசை எந்தப் பெட்டியிலும் இனிக்கும். குழுவில் மிக மெல்லிய குரலுடையவரை அழைத்துச் சென்று, இயல்பாகப் பேசச் செய்து, கடைவாயிலில் நின்று லகர, ளகர, ழகரங்கள் வேறுபட்டுக் கேட்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இயலுமாயின் ஒரு மாலைக்கு அதனை இரவல் பெற்று மண்டபத்திலேயே சோதிக்கலாம். அதற்கு இணங்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.