காடு மட்டுமா மறைத்தது?

சந்தனக் கடத்தல் வீரப்பனைப் பிடிக்க ஏன் அத்தனை வருஷம் ஆயிற்று? ஆரணியில் தறிப் பக்கம் இந்தப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அடர்ந்த காடு, மாநில எல்லை, பெரிய இடத்து ஆதரவு. எனக்கு எதுவுமே முழு விடையாகத் தோன்றியதில்லை.

1991இல் அவன் கையால் வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் கொலை. 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் பலி. 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமார் 108 நாள் பிணைக்கைதி. கடைசியில் 2004 அக்டோபர் 18 இரவு அவன் சுடப்பட்டது காட்டுக்குள் அல்ல. பாப்பாரப்பட்டி அருகே சாலையில். கண் சிகிச்சைக்கென்று நம்பி ஏறிய ஆம்புலன்ஸ், காவல் அதிகாரி விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை ஏற்பாடு செய்தது. வெளியே வரவழைக்கத்தான் முடிந்தது.

என் ஊகம் இதுதான்: அந்தக் காட்டை அறிந்தவர்கள் மலைக்கிராம மக்கள். துப்புச் சொன்னதாகச் சந்தேகப்பட்டால் அவன் கொல்வான். சொல்லாவிட்டால் அதிரடிப்படை முகாம். இரண்டுக்கும் நடுவில் யார் வாய் திறப்பார்கள்?

அதிரடிப்படையின் அத்துமீறல்கள் பற்றிய சதாசிவா குழு விசாரணைக்குப் பின், 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் தரச் சொன்னது. அதிரடிப்படை மட்டுமல்ல; 1992 ஜூனில் வாச்சாத்தி கிராமத்தில் சந்தன மரச் சோதனை என்று போன அரசு ஊழியர்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தபோது வருஷம் 2023.

கொல்லப்பட்ட காவலர்களுக்காகவும் மனம் வலிக்கிறது. அவர்களுக்கு நியாயம் தேடிப் போனவர்கள் மலைமக்களின் நம்பிக்கையை முதலில் தேடியிருந்தால், அந்த வேட்டை பல வருஷம் முன்பே முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.