ஓர் அடைப்புக்குள் ஆறு பேர்



ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறாள. அப்பா இங்கே ஆரணியில் பட்டு நெய்பவர். அதனால்தானோ என்னவோ, பட்டு நூலில் பசை நீக்குவதுதான் அவள் ஆய்வு. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அதைப் போக்குவார்கள், நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும்.

லீவுக்கு வந்தவள், "டீச்சர், தமிழ்ச் சுருக்கத்துல பிழை இருக்கான்னு பாருங்க" என்று மடிக்கணினியோடு வந்தாள். அதை முடித்துவிட்டு முதல் அத்தியாயத்தையும் படித்தேன். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். வரிக்கு வரி சதுர அடைப்புக்குள் எண்கள்.

"இந்த நம்பரெல்லாம் நீயா போடறே?"

"இல்ல டீச்சர், லேடெக் போட்டுக்கும்."

தன் புத்தகத்தின் அச்சுக்கோப்பு பிடிக்காமல் டொனால்ட் குனூத் என்ற பேராசிரியர் 1978இல் 'டெக்' என்ற மென்பொருளை வெளியிட்டாராம். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்து ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும். பிறகு வேண்டிய இடத்தில் அந்தப் பெயரை எழுதினால் போதும், எண் தானாக விழும். நடுவில் ஒன்றை எடுத்தால் பின்னால் உள்ளவை எல்லாம் தாமே நகர்ந்துகொள்ளும். நூற்றைம்பது கட்டுரையைக் கையால் எண்ணிட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஒரே இடத்தில் பல பெயர்களைச் சேர்த்து எழுதினால், நாம் எழுதிய வரிசையிலேயே 7, 3, 5 என்று தாறுமாறாக விழும். 'சைட்' என்ற துணைத்தொகுப்பைச் சேர்த்தால் அதுவே வரிசைப்படுத்தி, 4 முதல் 9 வரை தொடர்ந்து வந்தால் [4–9] என்று மடித்துவிடும். 'நாட்பிப்' என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு மடிக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். வேதியியல்காரர்கள் சிலர் ஒரே எண்ணின் கீழ் அ, ஆ, இ போல மூன்று நான்கு கட்டுரைகளை அடுக்குவார்களாம். பார்க்க அழகுதான். பின்னால் அதில் ஒன்றை மட்டும் தனியே சுட்ட வேண்டிவந்தால் திண்டாட்டம்.

எனக்கு அந்த [4–9] கண்ணிலேயே நின்றது. சோடா கூடினால் இழையின் வலு குறையும் என்ற வாக்கியத்தின் முடிவில் அது இருந்தது.

"ஆறு பேரும் இதையேவா சொல்றாங்க?"

"எல்லாம் பசை நீக்கறதப் பத்தினதுதான் டீச்சர்."

"நான் அதக் கேக்கல."

உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகையில் ஒப்புமைப் பகுதி என்று போட்டிருப்பார். எந்த அடிக்கு எந்த நூலில், எந்த இடத்தில் ஒப்புமை என்று பிரித்துப் பிரித்துக் காட்டியிருப்பார். வாசிக்கிறவன் போய்ச் சரிபார்க்கலாம். ஆறு பேரை ஒரே அடைப்புக்குள் போட்டு மடித்துவிட்டால் யார் என்ன சொன்னார் என்று யாருக்குத் தெரியும்? இதை நம்பி நாளைக்கு ஒருவர் சோடாவைக் குறைத்தால், பசை சரியாகப் போகாத நூல் அவள் அப்பாவின் தறிக்கே வரலாம்.

அவளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆறையும் மறுபடி படித்திருக்கிறாள். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். நான்கு கட்டுரைகளில் வலுவை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒன்று, மற்றவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னது மட்டும்தான். இன்னொன்றில் சோடாவே இல்லை, நொதியால் பசை நீக்கும் முறை அது.

இப்போது அந்த இடத்தில் [4–7] என்று இருக்கிறது. திருப்பிச் சொன்னதை எடுத்துவிட்டாள். நொதிக் கட்டுரை மூன்றாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டது. அங்கே அதற்கென்றே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாள், 58 என்ற எண்ணில் தனியாக நிற்கிறது.