பழைய ஸ்பீக்கரை எப்போ கைவிடலாம்?

1/ வீட்டுல பழைய ஸ்பீக்கர் இருக்கா? "சத்தமே சரியில்ல, தூக்கிப் போட்டுடலாம்"னு தோணுதா? இந்த த்ரெட்டைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. எங்க வீட்டுக் கதைதான்.

2/ அப்பா 1994ல சென்னை ரிச்சி தெருவுல அலைஞ்சு வாங்கின ஜோடி ஸ்பீக்கர். இப்போ அவருக்கு வயசு 72. போன வருஷம் ஆரம்பிச்சார்: "சத்தம் வருதுப்பா, பாட்டுல வார்த்தைதான் புரியல." வால்யூம் ஏறிட்டே போச்சு.

3/ மெக்கானிக் திறந்து பார்த்தார். கோனைச் சுத்தி இருக்கிற ஃபோம் வளையம் பொடிப்பொடியா உதிர்ந்திருந்தது. பாலியூரித்தேன் ஃபோம் வெக்கையிலயும் ஈரத்துலயும் வருஷக்கணக்கில் இருந்தா இத்துப்போறது சகஜம்தான். வளையத்தையும் பழைய கெப்பாசிட்டர்களையும் மாத்திக் கொடுத்தார்.

4/ அப்பா கேட்டுட்டு, "அப்படியேதான் இருக்கு"ன்னார். ஆம்ப்ளிஃபயர்ல வலது, இடது வயரை மாத்தி மாட்டினேன். குறை அதே பெட்டியில நின்னா பெட்டியிலயோ அதோட வயர்லயோ கோளாறு. அடுத்த பெட்டிக்குத் தாவினா ஆம்ப்ளிஃபயர் பக்கம் கோளாறு. எனக்கு ரெண்டுமே நல்லாத்தான் கேட்டுச்சு.

5/ பக்கத்துல இருந்த என் 9 வயசுப் பொண்ணு, "தாத்தா, அந்தச் சலங்கை சத்தம் சூப்பர்!"ன்னா.
அப்பா கேட்டார்: "எந்தச் சலங்கை?"

6/ மறுநாளே ஆடியோகிராம். தாழ்ந்த ஸ்தாயியில கிட்டத்தட்ட நார்மல். 2000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் ரெண்டு காதுலயும் கோடு சரிஞ்சுது. வயசுல வர்ற காது மந்தம் பெரும்பாலும் மேல் ஸ்தாயியிலதான் ஆரம்பிக்கும். ச, ஸ மாதிரி ஓசைகளும் அங்கதான் இருக்கு. அதனாலதான் சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது.

7/ இதையே ஒரு நோயாளி சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிருப்பேன். அப்பா ஒரு வருஷமா சொன்னார், நான் மரப்பெட்டிக்குள்ள தேடிட்டிருந்தேன். போன் வந்தா அம்மா கையில கொடுத்துட்டு நகர்ந்துடுவார். கல்யாண வீட்டுல ஓரமா உக்காந்துடுவார். "வயசாச்சு, பேச்சு குறைஞ்சுடுச்சு"ன்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். தப்பு எங்க மேலதான்.

8/ இப்போ உங்க கேள்விக்கு வர்றேன்.
• ஃபோம் கிழிஞ்சா, கெப்பாசிட்டர் போனா: சரி பண்ணலாம்.
• வாய்ஸ் காயில் கருகி, மாத்து யூனிட் கிடைக்கலன்னா: விட்டுடலாம்.
• தண்ணி பட்டுப் பெட்டியே உப்பிப்போனா: விட்டுடலாம்.
• வீட்டுல மத்தவங்களுக்கு நல்லா கேட்டு, ஒருத்தருக்கு மட்டும் மங்கலா கேட்டா: ஸ்பீக்கரை விடுங்க, காதை டெஸ்ட் பண்ணுங்க.

9/ முக்கியமா ஒண்ணு. ஒரு காது திடீர்னு கேக்காம போனா "சளியா இருக்கும்"னு காத்திருக்காதீங்க. அன்னிக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. நாள் போகப்போக சிகிச்சை பலன் தர்ற வாய்ப்பு குறையும்.

10/ அப்பா இப்போ காது மெஷின் போடுறார். முதல் வாரம் "தட்டு கழுவுற சத்தம் மண்டைய பொளக்குது"ன்னு திட்டினார். பழக ஒரு மாசம் ஆச்சு. ஸ்பீக்கர் அதே இடத்துலதான் இருக்கு, வால்யூம் பாதிக்கு வந்தாச்சு. நேத்து அத்தை போன் பண்ணினாங்க. அப்பாவே எடுத்து அரை மணி நேரம் பேசினார்.

உங்க வீட்டுல டிவி சத்தம் ஏறிட்டே போகுதா? ஒரு தடவை கேட்டுப் பாருங்க. 🙏